பழைய டி-ஷர்ட்டில் பொங்கல் பை, தையலே வேண்டாம்

பனியன் துணியை வெட்டினால் ஓரம் நூல் நூலாகப் பிரியாது. அதனால் பொங்கல் சாமான் வைத்துக் கொடுக்கும் பைக்கு, திருப்பூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு கிடக்கும் பழைய டி-ஷர்ட்டே போதும்.

டி-ஷர்ட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்க. கைகளைத் தையலோடு வெட்டிவிட்டு, கழுத்தை அகலமாக வளைத்து வெட்டுங்க. தோளில் 5 செ.மீ. பட்டை மிஞ்சினால் அதுதான் கைப்பிடி. தோள் தையலில் கத்தரி படவே கூடாது, எடையைத் தாங்குவது அதுதான். அடி மடிப்பை வெட்டி நீக்கி, முன்துணியும் பின்துணியும் சேர அடியிலிருந்து 2 செ.மீ. இடைவெளியில் 8 செ.மீ. நீளத்துக்குக் கீறிக்கொள்ளுங்க. முன் பட்டையையும் பின் பட்டையையும் இரட்டை முடிச்சாகப் போடணும்.

பலர் இதோடு நிறுத்திவிடுவதால்தான் முடிச்சுகளுக்கு நடுவே ஓட்டை விழுகிறது. ஒவ்வொரு முடிச்சின் ஒரு வாலைப் பக்கத்து முடிச்சின் வாலோடு மறுபடி முடிந்தால் ஓட்டை அடைபடும். பிறகு பையைத் திருப்பினால் முடிச்சு வெளியே தெரியாது.

1 கிலோ பச்சரிசி, அரை கிலோ நாட்டுச்சர்க்கரை, 100 கிராம் பாசிப்பருப்பு வைக்கலாம். 2 கிலோவைத் தாண்டினால் துணி இழுபட்டுத் தொங்கும். நாட்டுச்சர்க்கரை ஈரம் இழுத்துக் கட்டிபிடிக்கும், தனி டப்பாவில் போடுங்க. பச்சை மஞ்சள் கொத்தை மண் துடைத்து வெளியே கட்டுங்க.

தெருவைக் கூட்டும் தூய்மைப் பணியாளருக்கும், வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கும் காப்புக்கட்டுக்கு (பொங்கலுக்கு முதல் நாள் வீட்டில் வேப்பிலை கட்டும் வழக்கம்) முந்தின நாளே கொடுத்துடுங்க. அவர்கள் வீட்டுப் பொங்கல் பானைக்கு அரிசி நேரத்தோடு போய்ச் சேரணும்.