ஒரு ஜாம்பிக் கதையில் இருப்பது யாருடைய பயம் என்று கண்டறிவது எப்படி

ஜாம்பி படம் பார்த்து முடித்த ஒருவரிடம் எதைக் கண்டு பயந்தீர்கள் என்று கேட்டால், கடிபடும் காட்சியையும் அழுகிய முகங்களையும் கதவில் வந்து மோதும் கூட்டத்தையும் சொல்வார். அந்தக் காட்சிகளுக்கு அடியில் இன்னொரு பயம் ஓடுகிறது. அது அந்தப் படம் எடுக்கப்பட்ட காலத்துக்கும் இடத்துக்கும் உரியது. ஒரே உருவம் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் திரையில் நிலைத்து நிற்பதற்கும் அதுவே காரணம் என்று கருதுகிறேன். இரத்தக்காட்டேரிக்குப் பெயரும் பரம்பரையும் ஆசையும் உண்டு. ஜாம்பிக்கு இவை எதுவும் கிடையாது என்பதால், அந்தந்தக் காலத்து மக்கள் தங்கள் பயத்தை அதன்மேல் ஏற்றிவிட முடிகிறது. அந்தப் பயத்தை அடையாளம் காண எனக்குக் கைகொடுத்த முறையை இங்கே எழுதுகிறேன். தொடர்கள், நாவல்கள், வீடியோ கேம்கள் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். சில படங்களின் முடிவுகளை வெளிப்படையாகச் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது. அவற்றை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

நோட்டுப் புத்தகத்தின் முதல் வரியில் இந்தக் கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்: இந்தக் கதையில் இருப்பது, நாம் ஜாம்பியாகிவிடுவோமோ என்ற பயமா, ஜாம்பிகள் நம்மிடம் வந்துவிடுவார்களோ என்ற பயமா? இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் எதிரெதிர்த் திசையில் ஓடுபவை. முதலாவது பாதிக்கப்படுபவரின் பயம். இரண்டாவது, வீட்டுக்குள் பாதுகாப்பாக இருப்பவரின் பயம்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள, கரீபியக் கடலில் உள்ள ஹைட்டி நாட்டுக்குப் போக வேண்டும். பிரெஞ்சுக் குடியேற்றமாக அந்நாடு இருந்த காலத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள் கரும்புத் தோட்டங்களில் வேலை வாங்கப்பட்டே மாண்டார்கள். இறந்தபின் உயிர் கடலைக் கடந்து முன்னோர் நாட்டுக்குத் திரும்பிவிடும் என்பது அவர்களுக்கு இருந்த ஒரே ஆறுதல். அந்த ஆறுதலையும் பறிக்கும் கற்பனைதான் ஜாம்பி: ஒரு மந்திரவாதி பிணத்தை எழுப்பி, சுயநினைவு இல்லாத அந்த உடலை மறுபடியும் வயலில் இறக்கி வேலை வாங்குவான். அங்கே ஜாம்பி யாரையும் கடிப்பதில்லை, துரத்துவதில்லை. அது உழைக்கிறது, அவ்வளவுதான். அதன் வாயில் உப்புப் பட்டால் நினைவு திரும்பிவிடும், தான் இறந்தவன் என்று உணர்ந்து தன் கல்லறையைத் தேடிப் போய்விடும் என்பது அந்த நம்பிக்கையின் இன்னொரு பகுதி. ஆகவே அதற்கு உப்பில்லாத உணவே கொடுக்கப்படும். 1791-இல் தொடங்கிய அடிமைகளின் கிளர்ச்சி 1804-இல் ஹைட்டியைச் சுதந்திர நாடாக்கிய பிறகும் அந்தப் பயம் போகவில்லை. ஒருவருக்கு மருந்து கொடுத்துச் செத்தவர்போல் கிடக்கச் செய்வதைக் கொலை முயற்சியாகவும், அந்நிலையில் அவரைப் புதைத்துவிட்டால் கொலையாகவும் கருதும் பிரிவு ஒன்று ஹைட்டியின் பழைய தண்டனைச் சட்டத்திலேயே இடம்பெற்றிருந்தது.

தமிழில் நடைப்பிணம் என்கிறோம். உணர்வெல்லாம் வற்றி, உடல் மட்டும் நடமாடும் உயிருள்ள மனிதரைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. ஹைட்டியின் மூலக் கருத்துக்கு, இன்றைய படங்களில் கடித்துக் குதறும் கூட்டத்தைவிட இந்தச் சொல்லே நெருக்கமாக இருக்கிறது.

1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை ஹைட்டியை ஆக்கிரமித்திருந்தது. சாலை போடுவதற்காக மக்களைக் கட்டாய வேலைக்கு இழுத்த காலம் அது. அங்கே போய்வந்த அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் சீப்ரூக் 1929-இல் வெளியிட்ட நூல் வழியாக ஜாம்பி அமெரிக்க வாசகர்களிடம் பரவியது. 1932-இல் ‘வைட் ஜாம்பி’ என்ற படமாகத் திரைக்கும் வந்தது. அந்தப் படத்தில் ஒரு கரும்பாலைக் காட்சி இருக்கிறது. கரும்புக் கூடைகளைத் தலையில் சுமந்து வரிசையாக நடக்கும் உருவங்களில் ஒன்று தடுமாறி அரவை இயந்திரத்துக்குள் விழுகிறது. மற்றவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை; இயந்திரம் அதே கிறீச்சொலியோடு சுற்றிக்கொண்டே இருக்கிறது. அடிமையின் பயம் அப்படியே இருக்கும் காட்சி அது. ஆனால் படத்தின் மையக் கதை வேறு பக்கம் போகிறது: வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி ஜாம்பியாகிவிடுவாளே என்பதுதான் அதன் தலைப்பிலேயே சொல்லப்படும் பதற்றம். பயத்தின் சொந்தக்காரர் மாறத் தொடங்கிய இடம் இதுதான் என்பது என் கணிப்பு.

பார்க்கும் முறை

ஒரு படத்தை இரண்டு முறை பாருங்கள். முதல் முறை எதையும் எழுதாமல், பயப்பட வேண்டிய இடத்தில் மனதாரப் பயந்து பாருங்கள். அந்தப் பயம்தான் உங்களுக்கான ஆதாரம். இரண்டாம் முறை பார்ப்பதற்குள் படம் வெளியான ஆண்டையும் நாட்டையும், அதற்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்த நாட்டை உலுக்கிய நிகழ்வுகளையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பிணங்கள் ஏன் எழுந்தன என்பதற்குக் கதை சொல்லும் காரணத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) படத்தில் வெள்ளிக் கோளுக்குப் போய்த் திரும்பிய விண்கலத்தின் கதிர்வீச்சு காரணமாகச் சொல்லப்படுகிறது. 1996-இல் வந்த ‘ரெசிடென்ட் ஈவில்’ வீடியோ கேமில் ஒரு பெருநிறுவனம் உருவாக்கிய வைரஸ். 2013-இல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ வீடியோ கேமில் ஒரு பூஞ்சை. எறும்பின் உடலுக்குள் புகுந்து, அதைச் செடியின்மேல் ஏறவைத்து, இலையின் நரம்பைக் கவ்வியபடி சாகவைத்து, பிறகு அதன் தலையைப் பிளந்துகொண்டு முளைக்கும் பூஞ்சை இயற்கையிலேயே உண்டு. அந்த கேம் அதை மனிதனுக்குப் பொருத்திப் பார்த்தது. காரணங்களின் இந்தப் பட்டியல், ஒவ்வொரு காலமும் எந்த அறிவியலைச் சந்தேகித்தது என்று காட்டும். அதைவிட முக்கியமானது, காரணத்தை யார் அறிவிக்கிறார்கள், அவர்கள் தங்களுக்குள் ஒத்துப்போகிறார்களா என்பது. 1968-ஆம் ஆண்டுப் படத்தில், விஞ்ஞானியும் ராணுவ அதிகாரியும் செய்தியாளர்கள் முன்னிலையிலேயே முரண்பட்டுப் பேசிக்கொண்டு விரைந்து போகும் ஒரு சிறு காட்சி வருகிறது. எனக்கு அந்தப் படத்தின் கதிர்வீச்சைவிட இந்தக் காட்சிதான் அதிகக் கலக்கத்தைத் தந்தது.

அடுத்து, வேகம். மெதுவாக வரும் ஜாம்பியிடமிருந்து எளிதாகத் தப்பித்துவிடலாம், ஆனால் எத்தனை நாளைக்குத் தப்புவது என்பதே அங்கே கேள்வி. ‘28 டேஸ் லேட்டர்’ (2002) படத்தில் ஓடிவருபவர்கள் செத்தவர்கள்கூட அல்ல, வெறிநோய் தொற்றியவர்கள். கடிபட்டவர் சில நொடிகளில் மாறிவிடுகிறார். யோசிக்க நேரமே இல்லை என்பதுதான் அங்கே பயம்.

அடைக்கலம் புகும் இடத்துக்கு அதிக நேரம் கொடுங்கள், ஏனென்றால் கதை பெரும்பாலும் தன் மனதைத் திறப்பது அங்கேதான். ரொமேரோவின் ‘டான் ஆஃப் தி டெட்’ (1978) படத்தில் நான்கு பேர் ஒரு பெரிய வணிக வளாகத்துக்குள் புகுந்து கதவுகளை அடைத்துக்கொள்கிறார்கள். பென்சில்வேனியாவில் உண்மையாகவே இயங்கிவந்த ஒரு வளாகத்தில், கடைகள் மூடிய பிறகு இரவு நேரங்களில் எடுக்கப்பட்ட படம் அது. பிணங்கள் ஏன் இங்கே வருகின்றன என்று ஒருத்தி கேட்கிறாள்; ஏதோ ஒரு நினைவு, அவர்கள் வாழ்க்கையில் இது முக்கியமான இடமாக இருந்தது என்று பதில் வருகிறது. உயிருள்ள நால்வரும் அதே வளாகத்தில் வேண்டியதையெல்லாம் எடுத்து உடுத்தி, உண்டு, காலம் போகப்போகச் சலிப்பில் உறைந்துபோகிறார்கள். கடைசியில் அவர்களில் ஒருவன் கடிபட்டு ஜாம்பியாகிறான். மற்றப் பிணங்களுக்குத் தெரியாத, பொய்ச்சுவரால் மறைத்த வழி அவனுக்கு மட்டும் நினைவிருக்கிறது. கூட்டத்தை அங்கே அவனே அழைத்து வருகிறான். இந்த இடத்தில் உங்கள் முதல் கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். வெளியே நிற்பவர்களைப் பற்றிய பயமாகத் தொடங்கியது, நாம் முன்பே அவர்களாகிவிட்டோமோ என்ற பயமாக மாறியிருப்பது தெரியும். ஹைட்டியின் பழைய பயம் வேறு உடையில் திரும்பி வந்திருக்கிறது: வயலில் உழைப்பதை நிறுத்த முடியாத உடலுக்குப் பதிலாக, கடைக்குப் போவதை நிறுத்த முடியாத உடல்.

உயிருள்ளவர்கள் ஒருவருக்கொருவர் செய்வதைத் தனிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் கதவு யாருக்காகத் திறந்தது, யாருக்கு எதிராக அடைக்கப்பட்டது என்று மட்டும் குறித்தால் போதும். யோன் சாங்-ஹோ இயக்கிய தென்கொரியப் படமான ‘ட்ரெயின் டு பூசான்’ (2016) இதற்கு மிகச் சிறந்த பயிற்சிக்களம், ஏனெனில் அது முழுக்க முழுக்க ரயில்பெட்டிக் கதவுகளின் கதை. நோய்க்கூட்டத்தைத் தாண்டி உயிரைப் பணயம் வைத்து வந்தவர்களுக்குப் பாதுகாப்பான பெட்டியிலிருப்பவர்கள் கதவைத் திறக்க மறுக்கிறார்கள். உள்ளே வந்தபிறகும் தொற்று இருக்கும் என்று சொல்லி விரட்டுகிறார்கள். அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, கண்ணாடிக்கு அப்பால் ஜாம்பியாகி நிற்கும் தன் சகோதரியைக் கண்டு, எழுந்து போய் அந்தக் கதவைத் தானே திறந்துவிடுகிறாள். இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2014-இல், செவோல் கப்பல் மூழ்கி 304 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பள்ளி மாணவர்கள். இருந்த இடத்திலேயே இருங்கள் என்ற அறிவிப்பை நம்பி அவர்கள் காத்திருந்தார்கள். நிலைமை கட்டுக்குள் இருக்கிறது என்று தொலைக்காட்சியில் அரசு உறுதி சொல்லும் காட்சியைக் கொரியப் பார்வையாளர்கள் எந்த நினைவோடு பார்த்திருப்பார்கள் என்பதை இந்தத் தகவல் இல்லாமல் உணர முடியாது.

அவசரப்படக் கூடாத இடம்

காலத்தையும் கதையையும் இணைக்கும்போது ஒரு தவறு எளிதாக நேர்ந்துவிடும்: பார்வையாளர் கண்ட பொருளையெல்லாம் இயக்குநர் திட்டமிட்டு வைத்தார் என்று எழுதிவிடுவோம். ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்தின் நாயகன் பென், கறுப்பினத்தவர். அந்த வேடத்துக்கு வந்தவர்களில் ட்வேன் ஜோன்ஸ் சிறப்பாக நடித்துக் காட்டியதால்தான் அவரைத் தேர்ந்தெடுத்ததாக ரொமேரோ சொல்லியிருக்கிறார். ஆனால் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட அதே ஆண்டு அக்டோபரில் படம் வெளியானபோது, பார்த்தவர்கள் அதை இனவெறியிலிருந்து பிரித்துப் பார்க்கவில்லை. அதேபோல் ‘28 டேஸ் லேட்டர்’ படத்தின் வெறிச்சோடிய லண்டனை 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கான எதிரொலி என்று பலர் படித்தார்கள். கதை அதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. இரண்டு வாசிப்புகளும் பொய்யல்ல. பயம் படைத்தவரிடமிருந்து மட்டுமின்றிப் பார்ப்பவரிடமிருந்தும் படத்துக்குள் நுழைகிறது. ஆகவே உங்கள் குறிப்பில் ‘இயக்குநர் சொல்கிறார்’ என்று எழுதும் இடங்களை நிறுத்திப் பார்த்து, ‘அக்காலப் பார்வையாளருக்கு இப்படிப் பட்டிருக்கும்’ என்று திருத்த வேண்டியவற்றைத் திருத்துங்கள்.

முடிவுகளை அருகருகே வைத்தல்

முறை கைவந்த பிறகு, இரண்டு படங்களின் கடைசிச் சில நிமிடங்களை மட்டும் அடுத்தடுத்துப் பாருங்கள். நான் பரிந்துரைப்பவை மேலே சொன்ன 1968-ஆம் ஆண்டுப் படமும் 2016-ஆம் ஆண்டுப் படமும்தான்.

முதல் படத்தில், இரவு முழுவதும் உயிரோடு தாக்குப்பிடித்த பென், விடிந்ததும் வெளியே துப்பாக்கிச் சத்தம் கேட்டு நிலவறையிலிருந்து மேலே வந்து ஜன்னலோரம் நிற்கிறான். வெளியே வந்திருப்பவர்கள் மீட்புக்காக வந்த ஆயுதக் கூட்டம். அவர்களில் ஒருவன் தூரத்திலிருந்து அவனை ஜாம்பி என்று எண்ணித் தலையில் சுடுகிறான். பிறகு படம் அசைவதை நிறுத்திவிடுகிறது. நாளிதழ்ப் புகைப்படங்கள்போல மங்கலான நிழற்படங்கள் வருகின்றன, அவற்றில் பென்னின் உடலைக் கொக்கி மாட்டி எரிமேடைக்குக் கொண்டுபோகிறார்கள். முதல்முறை பார்த்தபோது, எழுத்துகள் ஓடத் தொடங்கியதும் படம் முடிந்துவிட்டது என்று எண்ணி இந்த நிழற்படங்களைக் கவனிக்காமல் எழுந்துவிட்டேன். நீங்கள் உட்கார்ந்தே இருங்கள்.

இரண்டாவது படத்தில், ஒரு சிறுமியும் ஒரு கர்ப்பிணியும் இருண்ட சுரங்கப்பாதை வழியாக நடந்து வருகிறார்கள். மறுமுனையில் துப்பாக்கியோடு காத்திருக்கும் ராணுவ வீரனுக்கு இரண்டு நிழல்கள் மட்டுமே தெரிகின்றன. தொற்று உள்ளவர்களா இல்லையா என்று உறுதிசெய்ய முடியவில்லை என்கிறான். சுடுவதற்கு உத்தரவு வருகிறது. அவன் குறிபார்க்கும் நேரத்தில் சிறுமி அழுதுகொண்டே பாடத் தொடங்குகிறாள். பள்ளி நிகழ்ச்சிக்குத் தன் அப்பா வராததால் பாதியில் நின்றுபோன அதே பாட்டு அது. இப்போதும் அவள் அப்பா இல்லை. உடம்பில் தொற்று ஏறியதை உணர்ந்ததும், அவள் பிறந்த நாளில் அவளைக் கையில் ஏந்திய நினைவோடு, ரயிலிலிருந்து தானே விழுந்துவிட்டார்.

இரண்டு இடத்திலும் துப்பாக்கி பிடித்தவன் முன்னால் நிற்பது ஒரே கேள்வி. அவன் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறான், எந்த அடையாளம் கிடைத்தால் எதிரில் இருப்பவரை மனிதர் என்று ஒப்புக்கொள்வான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சுரங்கப்பாதையில் பாட்டுச் சத்தம் கேட்டதும் அந்த வீரன் துப்பாக்கியைத் தாழ்த்துகிறான். பென் வாயைத் திறக்கும்வரை யாரும் காத்திருக்கவில்லை.