கொழும்பு வெக்கையில் மூச்சு முட்டாத மாஸ்க்: பார்த்து வாங்கி, பொருத்திப் போடும் முறை

மாஸ்க் போட்டால் மூச்சு முட்டுகிறது என்பவர்கள் இன்னும் மெல்லிய துணியாகத் தேடி அலைகிறார்கள். முட்டுவதற்குத் தடிப்பு ஒரு காரணம்தான். பெரிய காரணம், துணி உதட்டில் வந்து ஒட்டுவது. ஒட்டினால், வாய்க்கு நேரே உள்ள சிறு துண்டு வழியாக மட்டுமே காற்று வரும். அந்தத் துண்டு நனைந்ததும் இழைகளின் இடைவெளியைத் தண்ணீர் அடைத்துவிடும். இங்குள்ள புழுக்கத்தில், வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் ஏறிப் புறக்கோட்டையில் இறங்குவதற்குள்ளேயே அது ஈரமாகிவிடலாம். ஆகவே முதலில் வடிவத்தைப் பாருங்கள், பிறகு துணியை.

படி 1: வடிவம்

வாயின் முன்னால் கூடாரம்போல நிற்க வேண்டும். கே.எஃப்.94 என்ற கொரியத் தர மாஸ்க்கின் படகு வடிவம் இதற்கு மிகப் பொருத்தம். சனம் நெருக்கும் பஸ்ஸுக்கு என் முதல் தெரிவு அதுதான். துணி மாஸ்க் என்றால் மூக்கிலிருந்து நாடிவரை நடுத்தையல் போட்டது நல்லது. வால்வு வைத்தது வேண்டாம். மூச்சு விட இலகுதான், ஆனால் நீங்கள் விடும் காற்று வடிகட்டப்படாமல் அடுத்தவர் முகத்துக்குப் போகும். வீட்டில் ஒட்டறை அடிக்க மட்டும் பாவியுங்கள்.

படி 2: தரம்

சத்திரசிகிச்சை மாஸ்க் என்றால் 50 உள்ள பெட்டியை எடுத்தவுடன் வாங்காதீர்கள். பார்மசியில் சில்லறையாக இரண்டு வாங்கி, ஒன்றைக் கத்தரியால் வெட்டிப் பாருங்கள். மூன்று படை இருக்க வேண்டும். நடுவிலுள்ள வெள்ளைப் படைதான் வடிகட்டி; அதன் இழைகளில் ஏற்றிய மின்னேற்றம் நுண்துகளை இழுத்துப் பிடிக்கும். இரண்டு படை மட்டும் இருந்தால் அந்தக் கடையை விடுங்கள்.

பெட்டியில் ஈ.என். 14683 என்ற ஐரோப்பியத் தர இலக்கம் இருந்தால் வகையைக் கவனியுங்கள். டைப் 2, டைப் 2ஆர் இரண்டுக்கும் பக்டீரியா வடிகட்டல் 98 சதவீதம். காற்றுத் தடையின் உச்ச வரம்போ டைப் 2க்கு சதுர சென்ரிமீற்றருக்கு 40 பாஸ்கல் (அழுத்த அலகு), 2ஆருக்கு 60. ஆர் என்பது இரத்தம் தெறிப்பதைத் தாங்குவதற்கு. சத்திரசிகிச்சைக் கூடத்தின் தேவை அது. நாளாந்தப் பாவனைக்கு டைப் 2 போதும், மூச்சும் இலகு.

துணியில் வேண்டுமென்றால் உள்ளே பருத்தி, வெளியே பொலியெஸ்டர் கலந்த துணி. பனியன் துணி வேண்டாம். இழுபட்டால் இழைகளின் இடைவெளி திறந்துவிடும்.

படி 3: மூக்குக் கம்பி

பெரும்பாலானோர் பிழை விடுவது இங்கேதான். ஒரு கையின் இரு விரலால் கிள்ளினால் கம்பி நடுவில் கூராகிவிடும். மூக்கின் இரு பக்கமும் ஓட்டை விழும். கண்ணாடியில் பனி படிவது அந்த ஓட்டையால்தான். "காற்றோட்டமாக இருக்கிறது" என்று சிலர் மகிழ்வதும் அதே ஓட்டையைப் பார்த்துத்தான்.

நிறப் பக்கம் வெளியே, கம்பி மேலே. காதில் மாட்டி, மடிப்பை விரித்து, கீழ் விளிம்பை நாடிக்கு அடியில் இழுங்கள். அதன்பிறகே கம்பிக்கு வாருங்கள். இரண்டு சுட்டுவிரலையும் மூக்கின் நடுவில் வைத்து, அழுத்தியபடி கன்னம் வரை வெளிப்பக்கமாக நகர்த்துங்கள், இரண்டு மூன்று முறை. கடைசியில் நாடிப் பக்கத்தை மறுபடி இழுத்துவிடுங்கள். கம்பியை அழுத்தும்போது அது மேலே ஏறியிருக்கும்.

இப்போது பலமாக மூச்சை இழுங்கள். மாஸ்க் முழுதாக இலேசாக உள்ளே வர வேண்டும். அசையவே இல்லையென்றால் காற்று ஓரத்தால் வருகிறது.

சத்திரசிகிச்சை மாஸ்க்கின் கன்னத்து இடைவெளிக்கு: நீளவாக்கில் இரண்டாக மடித்து, காதுப் பட்டியை மாஸ்க்கின் விளிம்போடு ஒட்டி ஒரு முடிச்சுப் போடுங்கள். பக்கத்தில் பிதுங்கும் துணியை உள்ளே செருகிவிடுங்கள். பெரிய முகத்துக்கு இது காதை இழுக்கும்.

படி 4: காது

காது வலித்தால், இரண்டு காதுப் பட்டியையும் பின்தலையில் ஒரு கொக்கியால் இணையுங்கள். தலைப்பட்டியில் இரண்டு பெரிய பொத்தான் தைத்து அதில் மாட்டினாலும் சரி.

படி 5: மாற்றுதல், கழுவுதல்

நேரக் கணக்கு வேண்டாம், ஈரமானதும் மாற்றுங்கள். பையில் இன்னொன்று எப்போதும் இருக்கட்டும், பொலித்தீனில் அல்ல, கடதாசி உறையில். துணி மாஸ்க்கைச் சவர்க்காரமும் சுடுநீரும் போட்டுக் கழுவி வெயிலில் காயவிடுங்கள். கே.எஃப்.94ஐயும் சத்திரசிகிச்சை மாஸ்க்கையும் கழுவவே கூடாது. சவர்க்காரமோ ஸ்பிரிட்டோ பட்டால் நடுப்படையின் மின்னேற்றம் போய்விடும். பார்க்கப் புதிதுபோலவே இருக்கும், வேலை செய்யாது.

பின்சேர்க்கை: "நல்ல மாஸ்க்தான், ஆனால் பஸ் புகை மணக்கிறதே" என்று பலர் கேட்கிறார்கள். மணம் வாயு, என்95கூட அதைத் தடுக்காது. மணத்தை வைத்துத் தரத்தை அளக்காதீர்கள். தாடி உள்ளவர்களுக்கு ஒன்று: எந்த வடிவம் போட்டாலும் ஓரம் ஒட்டாது, விளிம்பு படும் இடத்தையாவது மழித்துக்கொள்ளுங்கள்.