வைஃபை வேலை செய்யவில்லையா? காரணம் தெரியும்வரை எதையும் அழிக்காதீர்கள்

மடிக்கணினியில் இணையம் நின்றவுடன் புதியவர்கள் பலர் முதலில் தேடிப் போவது, நெட்வொர்க் அமைப்புகளைத் தொடக்க நிலைக்கே கொண்டுபோகும் நெட்வொர்க் ரீசெட் பொத்தானைத்தான். விமானப் பயன்முறையை அணைக்க மறப்பது, கடவுச்சொல்லைப் பிழையாக இடுவது போன்ற தவறுகள் சற்று நேரத்தில் தாமே தெரிந்துவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

காரணம் அறியாமல் அழிப்பது

விண்டோஸில் நெட்வொர்க் ரீசெட் செய்தால் எல்லா நெட்வொர்க் அடாப்டர்களும் (வைஃபை, கேபிள் இணைப்புகளைக் கையாளும் பாகங்கள்) கணினியின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு மீண்டும் நிறுவப்படும், சேமித்து வைத்த வைஃபை கடவுச்சொற்கள் போய்விடும், வி.பி.என். மென்பொருளையும் மறுபடி அமைக்க வேண்டியிருக்கலாம். இதைவிடக் கொடியது, டிவைஸ் மேனேஜரில் அடாப்டரை அதன் டிரைவர் கோப்புகளோடு (அதை இயக்கும் மென்பொருளோடு) சேர்த்து அகற்றுவது. அந்த டிரைவரைத் திரும்ப இறக்குவதற்கே இணையம் தேவைப்படும்.

லேன் கேபிள் செருக இடமில்லாத மெல்லிய மடிக்கணினி ஒன்றில் இப்படிச் செய்துவிட்டு ஒருவர் என்னிடம் வந்தார். சிக்னல் முழுமையாக இருந்தும் எந்தப் பக்கமும் திறக்கவில்லை என்றும், கைபேசியிலும் அதே வைஃபையில் அதே நிலைதான் என்றும் அவரே சொன்னார். அப்படியானால் கோளாறு ரூட்டரிலோ அதற்கு அப்பாலோ இருந்தது. டிரைவருக்கு அதில் பங்கே இல்லை. அவருடைய ஆண்ட்ராய்டு கைபேசியை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து, அதன் மொபைல் டேட்டா வழியே டிரைவரை மீட்டோம். எளிதில் தவிர்த்திருக்கக்கூடிய இந்த அலைச்சலைத் திரும்பத் திரும்பக் காணும்போது இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

முதலில் அதே வைஃபையில் வேறொரு கருவியைச் சோதியுங்கள். அதிலும் இணையம் வராவிட்டால் மடிக்கணினியின் அமைப்புகளைத் தொடாதீர்கள். வந்தால், கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையை இட்டு, IPv4 என்ற வரியில் கணினியின் எண் முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், டி.எச்.சி.பி. (தானாக முகவரி வழங்கும் முறை) வழியாக ரூட்டர் தர வேண்டிய முகவரி வந்து சேரவில்லை. முகவரி சரியாக இருந்தால், டிஃபால்ட் கேட்வே என்று காட்டப்படும் எண்ணை (வழக்கமாக ரூட்டரின் முகவரி) பிங் செய்யுங்கள், அதாவது ping என்று இட்டு அந்த எண்ணைத் தந்து பதில் வருகிறதா என்று பாருங்கள்; அடுத்து இணையத்தில் உள்ள கூகுளின் 8.8.8.8 என்ற எண்ணை. கடைசியாக ஒரு தளத்தின் பெயரை. எண்ணுக்குப் பதில் வந்து, பெயரை மட்டும் கண்டறிய முடியவில்லை என்றால், பார்க்க வேண்டியது, தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். அமைப்பை. இந்தச் சோதனைகள் கணினியில் எதையும் மாற்றுவதில்லை. ரீசெட்டோ, இணைப்பைத் திருப்பித் தந்தாலும் காரணத்தின் தடயத்தை அழித்துவிடுகிறது; அதே கோளாறு மறுபடி வரும்போது நம் கையில் ஒரு துப்பும் இருக்காது.

அலைவரிசையைப் பாராதிருப்பது

பல ரூட்டர்கள் இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தருகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர்களைத் தாண்டும்போது விரைவில் வலுவிழக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தொலைவு எட்டும், ஆனால் நெரிசல் மிகுந்தது. அருகில் செருகிய யு.எஸ்.பி. 3.0 ஹார்ட் டிஸ்க்கூட அதில் இரைச்சலை உண்டாக்கும்.

மின்சேமிப்பை மறப்பது

உறக்கநிலையிலிருந்து எழுந்தபின் மட்டும் இணைப்பு அறுந்தால், அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் மின்சாரம் சேமிக்க அதை அணைக்கலாம் என்ற அனுமதியை நீக்குங்கள்.

தவறான தேதி

கணினியின் தேதி பிழையானால், வைஃபை சரியாக இருந்தும் பாதுகாப்பான தளங்கள் சான்றிதழ்ப் பிழை காட்டும்.