சுவீடனின் பழைய அரசமைப்பைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1634-ஆம் ஆண்டின் ஆட்சிமுறைச் சட்டத்தை 'அரசனுக்குக் கடிவாளம் போட்ட சாசனம்' என்று ஒரே வரியில் சொல்லிவிடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. அது பிறந்த நேரத்தைப் பாருங்கள். 1632-இல் ஜெர்மனியின் லுட்சன் போர்க்களத்தில் சுவீடன் மன்னர் குஸ்தாவ் இரண்டாம் அடோல்ஃப் இறந்தபோது அவருடைய வாரிசான மகள் கிறிஸ்டினாவுக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை. ஜெர்மன் மண்ணில் முப்பதாண்டுப் போரோ முடிந்தபாடில்லை. அரசர் இல்லாமலும் நிர்வாகம் ஓட வேண்டும் என்ற கவலையில்தான் சான்சலர் (அரசின் தலைமை நிர்வாகி) ஆக்சல் ஓக்சென்ஷெர்னா இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார். மறைந்த மன்னரே ஒப்புக்கொண்டது என்றுதான் அதை முன்வைத்தார்.

உள்ளே இருப்பதில் பெரும்பகுதி அலுவலக ஒழுங்கு. மேல்நீதிமன்றம், போர், கடற்படை, சான்சலரி (சான்சலரின் செயலகம்), கருவூலம் என ஐந்து கொலீஜியங்கள் (அரசுத்துறைகள்), மாவட்டங்களுக்கு ஆளுநர்கள். ஐந்து கொலீஜியங்களின் தலைவர்களே கிறிஸ்டினா சார்பில் ஆட்சியையும் நடத்தினார்கள். அதனால் உயர்குடியினரின் கை ஓங்கியது உண்மைதான். ஆனால் வயதுக்கு வந்த கிறிஸ்டினா அந்தச் சட்டத்தை உறுதிப்படுத்தவே இல்லை. 1680-இல், அரசர் அதற்குக் கட்டுப்பட்டவர் அல்ல என்று நாடாளுமன்றமே அறிவித்துவிட்டது. அப்புறம் அதை எப்படி அசையாத அரசமைப்பு என்பது?

கொலீஜியம் என்றதும் நம் நீதிபதி நியமனச் செய்திகளில் அடிபடும் குழு நினைவுக்கு வரும். அதுவும் வேண்டாம், இன்றைய அமைச்சகம் என்ற எண்ணமும் வேண்டாம். பலர் கூடி உட்கார்ந்து முடிவெடுத்த அரசுத்துறை அது.

அரியணை எப்போதும் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது என்று எண்ணுவதும் பிழை. 1544-இல் வெஸ்தெரோஸ் நகரில் கூடிய நாடாளுமன்றம் வாரிசுரிமையை ஒப்புக்கொள்ளும்வரை, சட்டப்படி அரசரைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டியிருந்தது.

எனக்கு மிகவும் உறுத்துவது இன்னொன்று. 1435-இல் அர்போகா நகரில் கூடிய கூட்டத்தை முதல் நாடாளுமன்றம் என்று சொல்லி, அப்போதே விவசாயிகள் அமர்ந்திருந்தார்கள் என எழுதிவிடுகிறார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. 1527-இல் வெஸ்தெரோஸில் அவர்கள் இருந்தார்கள் என்பது உறுதி. பிரபுக்கள், குருமார், நகரத்தார் ஆகியோருக்கு அடுத்து நான்காவது பிரிவாக விவசாயிகள் இடம்பெற்றது அன்றைய ஐரோப்பாவில் அபூர்வம், போற்ற வேண்டியதும்கூட. ஆனால் எல்லா விவசாயிகளும் அதில் இல்லை. சொந்த நிலம் வைத்திருந்தவர்களும் அரசு நிலத்தில் உழுதவர்களும் மட்டுமே. பிரபுக்களின் நிலத்தில் குத்தகைக்கு உழுதவர்களுக்குக் குரல் கிடையாது. 18-ஆம் நூற்றாண்டில் வெளியுறவையும் பணத்தையும் கையாண்ட நாடாளுமன்ற இரகசியக் குழுவில் விவசாயிகளை வழக்கமாகச் சேர்க்கவில்லை. இத்தனைக்கும் வரியும் படைவீரர்களும் அவர்களுடைய கிராமங்களிலிருந்துதான் போயின.