ஃபேப்னோ சான்றிதழ்: புற்றுநோய்ப் பக்கம் போக நினைக்கும் இயற்கை மருத்துவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் புற்றுநோயாளிகளைக் கவனிக்கும் இயற்கை மருத்துவர்கள் சிலரின் பெயருக்குப் பின்னால் ‘ஃபேப்னோ’ என்று இருக்கும். ‘அமெரிக்கன் போர்டு ஆஃப் நேச்சுரோபதிக் ஆன்காலஜி’ என்ற வாரியத்தின் தேர்வில் தேறியவர் என்று அர்த்தம். 2004-இல் தொடங்கிய புற்றுநோய் இயற்கை மருத்துவர் சங்கத்தோடு சேர்ந்தது இந்த வாரியம். இதற்கு ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் தேர்வறைக்குப் போவதற்கு வெகு முன்பே சறுக்கிவிடுகிறார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கான சறுக்கல் முதலில். ஐந்தரை ஆண்டு பி.என்.ஒய்.எஸ். (இயற்கை மருத்துவம், யோகா இளங்கலைப் பட்டம்) முடித்து இங்கே பதிவு பெற்றவர், நேராக ஃபேப்னோவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று நினைப்பது தவறு. வட அமெரிக்காவில் என்.டி. எனப்படும் இயற்கை மருத்துவ டாக்டர் பட்டம் தனி. இளங்கலைப் படிப்புக்கு மேல் நான்கு ஆண்டு, அதுவும் சி.என்.எம்.இ. என்ற கல்வி அங்கீகார அமைப்பு ஏற்ற கல்லூரியில் படிக்க வேண்டும். சியாட்டிலுக்குப் பக்கத்தில் பாஸ்டியர், டொரண்டோவில் கனேடிய இயற்கை மருத்துவக் கல்லூரி போன்றவை அந்தப் பட்டியலில் உண்டு. பிறகு என்ப்ளெக்ஸ் என்ற இரு கட்டத் தேர்வு, அதன்பின் மாநில உரிமம். இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஃபேப்னோ பேச்சு. பி.என்.ஒய்.எஸ். பாடங்களில் எவற்றுக்கு விலக்கு கிடைக்கும் என்பதைச் சேரும் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இடைத்தரகர் வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அஞ்சல் வழியில் ‘நேச்சுரோபத்’ பட்டம் தரும் நிறுவனங்களும் அங்கே இருக்கின்றன. அந்தப் பட்டத்தோடு என்ப்ளெக்ஸ் எழுத முடியாது.

சான்றிதழையும் உரிமத்தையும் ஒன்றாக நினைப்பது அடுத்தது. ஃபேப்னோ வந்துவிட்டதால் எந்த மாநிலத்திலும் வைத்தியம் பார்க்கும் உரிமை வந்துவிடாது. ஒரிகன், வாஷிங்டன், அரிசோனாவில் என்.டி.க்களின் அதிகாரம் விரிவானது. மருந்துச் சீட்டும் எழுதலாம். தென் கரோலினா, டென்னசியில் இயற்கை மருத்துவத் தொழிலையே சட்டம் தடுக்கிறது. ஒன்டாரியோவில் உரிமம் இருந்தாலும், நரம்பு வழியாகச் சத்துகள் ஏற்றத் தனித் தேர்வு எழுத வேண்டும். எங்கே குடியேறப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யாமல் படிப்பைத் தொடங்குவது, பெண் பார்க்காமலே மண்டபம் பிடிப்பது மாதிரிதான்.

ஃபேப்னோவுக்கு வழி இரண்டு: புற்றுநோய்ப் பிரிவில் ரெசிடென்சி (பட்டத்துக்குப் பின் மேற்பார்வையில் பெறும் பயிற்சி) முடிப்பது, அல்லது பல ஆண்டுகள் புற்றுநோயாளிகளைப் பார்த்த அனுபவத்தைக் காட்டுவது. ரெசிடென்சி இடங்கள் மிகக் குறைவு என்பதால் கடைசி ஆண்டில் விழித்துக்கொண்டால் பிந்திவிடும். அனுபவ வழியில் போகிறவர்கள் செய்யும் தவறு, கணக்கைப் பின்னால் தொகுத்துக்கொள்ளலாம் என்று விடுவது. முதல் நோயாளியிலிருந்தே பதிவு வையுங்கள்: தேதி, புற்றுநோய் வகை, நிலை, அப்போது நடந்த கீமோ எத்தனையாவது சுற்று, நீங்கள் கொடுத்தது என்ன, நிறுத்தச் சொன்னது என்ன. நோயாளியின் பெயர் அதில் வரக் கூடாது.

படிக்கும் முறையில்தான் பெரிய தவறு நடக்கிறது. எந்த மூலிகை எந்தப் புற்றுநோய்க்கு என்று மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். இந்தத் துறையில் ஒருவரின் தரம் தெரிவதோ, எதை எப்போது கொடுக்கக் கூடாது என்ற இடத்தில். பெம்ப்ரோலிசுமாப் என்ற நோய் எதிர்ப்புத் தூண்டல் ஊசி போட்டுக்கொள்ளும் ஒருவருக்கு வழக்கத்தைவிட நாளுக்கு நான்கைந்து முறை கூடுதலாக வயிற்றுப்போக்கு என்று வையுங்கள். கை தானாகவே புரோபயாட்டிக் பக்கம் போகும். அது நோய் எதிர்ப்பு மண்டலம் குடலையே தாக்குவதாக இருக்கலாம். ஸ்டீராய்டு தேவைப்படலாம், தாமதித்தால் குடல் ஓட்டையாகும் அபாயமும் உண்டு. சரியான விடை, அன்றே புற்றுநோய் மருத்துவரைக் கூப்பிடுவது. கீமோ நடக்கும்போது 38.3 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான்: கஷாயத்துக்கு இடமில்லை, அவசரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும்.

இயற்கைப் பொருள் என்பதால் கெடுதல் செய்யாது என்ற நினைப்புக்கு மருந்தியல் இடம் தராது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, கல்லீரல் நொதிகளைத் தூண்டி இரினோடீகான், இமாடினிப் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகளின் வலுவையும் குறைக்கிறது. நிறுத்திய பிறகும் அந்தத் தூண்டல் அடங்க இரண்டு வாரம் போலாகும். கிரீன் டீயில் இருக்கும் இ.ஜி.சி.ஜி., போர்டிசோமிப் என்ற புற்றுநோய் மருந்தோடு நேரடியாகப் பிணைந்து அதைச் செயலிழக்கச் செய்வது ஆய்வகத்திலும் எலிகளிலும் தெரிந்திருக்கிறது. அசிட்டைல் எல்-கார்னிட்டின் என்ற துணைச் சத்தின் கதை இன்னும் கசப்பானது. டாக்சேன் வகைக் கீமோ மருந்தால் வரும் கை கால் மரத்துப்போதலைத் தடுக்கும் என்று நம்பி, மார்பகப் புற்றுநோய் உள்ள 409 பெண்களிடம் ஆய்வு செய்தார்கள். நாளுக்கு 3,000 மில்லிகிராம் என்று 24 வாரம் எடுத்தவர்களுக்கு மரத்துப்போதல் கூடியது. 2013-இல் வெளியான முடிவு இது. பழைய குறிப்பேடுகளை வைத்துப் படிக்கிறவர்கள் இன்னமும் அதைச் ‘சிபாரிசு’ பட்டியலில் வைத்திருப்பார்கள்.

நரம்பு வழி வைட்டமின் சி-யை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றுவதற்கு முன் ஜி-6-பி-டி என்ற நொதிக்கான பரிசோதனையும் சிறுநீரகப் பரிசோதனையும் கட்டாயம். அந்த நொதி குறைவாக இருந்தால் சிவப்பணுக்கள் உடையும். இந்தியர்களிடையே இந்தக் குறைபாடு அரிதல்ல. சர்க்கரை நோயாளிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஏற்றிய பிறகு பல மணி நேரம், சில குளுக்கோமீட்டர்கள் வைட்டமின் சி-யையே சர்க்கரையாக எண்ணி 300, 400 என்று காட்டும். அதைப் பார்த்து இன்சுலின் போட்டால், உண்மையில் சர்க்கரை தாழ்ந்து மயக்கமாகிவிடும். அன்றைக்கு விரல் நுனிச் சோதனையை நம்பாமல் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

தேறிய பிறகும் தவறுகள் தொடரும். விளம்பரத்தில் ‘புற்றுநோய் சிறப்பு மருத்துவர்’ என்று போடுவது அதில் ஒன்று. புற்றுநோய் உட்படப் பல துறைகளின் எம்.டி. நிபுணர்களுக்குச் சான்று தரும் 24 வாரியங்களின் கூட்டமைப்பில் ஃபேப்னோ வாரியம் இல்லை. நோயாளி குழம்புவார், ஒழுங்குமுறை மன்றமும் கேள்வி கேட்கும். கீமோவைத் தள்ளிப்போடலாமா என்று கேட்கும் நோயாளிக்கு மழுப்பலாகப் பதில் சொல்வது அதைவிட மோசம். 2018-இல் வந்த அமெரிக்க ஆய்வில், முறையான சிகிச்சையை விட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய 281 பேரின் இறப்பு அபாயம், முறையான சிகிச்சை எடுத்தவர்களுடையதைப் போல இரண்டரை மடங்காக இருந்தது.

புற்றுநோய் மருத்துவருக்கு எழுதும் கடிதத்தில் ‘ஆன்டி-ஆக்சிடன்ட் கலவை, மூலிகைகள்’ என்று எழுதிவிட்டால் அங்கே இருக்கும் மருந்தாளுநரால் எதையும் ஒத்துப்பார்க்க முடியாது. ஒரே பக்கம் போதும். பொருளின் பெயர், தயாரிப்பாளர், ஒரு வேளை அளவு மில்லிகிராமில், தொடங்கிய தேதி, அடுத்த சுற்றுக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்தச் சொல்லியிருக்கிறீர்கள், எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று எழுதி, பாட்டிலின் பின்பக்க லேபிளைப் படம் எடுத்து இணைத்துவிடுங்கள்.