மூக்கில் கேன்சர் என்றால் எல்லாம் ஒன்றல்ல

மூக்கில் சதை வளர்ந்து ரத்தம் கசிந்தால், காரைக்குடிப் பக்கம் "ஊருணியில் குளித்ததால் வந்தது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். பாதி நியாயம்தான். குளத்துக் குளியலோடு தொடர்புடைய ரைனோஸ்போரிடியோசிஸ் நம் சிவகங்கைச் சீமைக்குப் பழக்கமான நோய், அது புற்றும் அல்ல. ஆனால் கண்ணால் பார்த்தே தீர்மானிப்பது தவறு. எடுத்த சதை எதுவானாலும் பயாப்ஸிக்குப் போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மூக்கடைப்பு, கன்னத்தில் மரமரப்பு, காரணமில்லாமல் ஆடும் மேல்பல் இவையெல்லாம் இருக்கும்போது சைனஸ் மாத்திரையில் மாதக்கணக்காக ஓட்டாதீர்கள்.

சரி, கேன்சர் என்றே வந்துவிட்டது. உடனே எல்லாரும் கேட்பது "எத்தனையாவது ஸ்டேஜ்?" நோய் இன்று எங்கே நிற்கிறது என்பதை ஸ்டேஜ் சொல்லும். நாளை எந்த வழியாகப் போகும் என்று தெரிய, எந்த மாதிரிச் செல்லில் தொடங்கியது என்கிற வகையையும் கேட்க வேண்டும்.

அதிகம் காணப்படுவது, உள்பரப்பின் தட்டையான செல்களில் வரும் ஸ்குவாமஸ் வகை. சிகிச்சைக்குப் பிறகு திரும்பி வந்தால் பெரும்பாலும் அதே இடத்தில், முதல் 2 ஆண்டுகளுக்குள். சுரப்பிச் செல் புற்றான அடினோகார்சினோமாவில் ஒரு வகைக்கு மரத்தூளோடு நெருங்கிய தொடர்பு உண்டு. பர்மாத் தேக்கை இழைத்தே காலம் தள்ளிய நம் ஆசாரிமார் இதைக் கவனிக்க வேண்டும். "உளியைக் கீழே வைத்து இருபது வருஷமாச்சே" என்பது சமாதானமாகாது, பல பத்தாண்டுகள் கழித்தும் வரும். இதுவும் கழுத்து நெறிக்கு அதிகம் போகாது, இருந்த இடத்திலேயே திரும்பும்.

ஆளை ஏமாற்றுவது அடினாய்டு சிஸ்டிக் வகை. மெதுவாக வளரும், நரம்பைப் பிடித்துக்கொண்டே நகரும். கழுத்தில் ஒன்றுமே இருக்காது, நுரையீரலில் போய் உட்கார்ந்திருக்கும்; அதுவும் 10 ஆண்டுகளுக்கு அப்புறம்கூட. "5 வருஷம் தாண்டியாச்சு, குலதெய்வத்துக்குப் படையலும் போட்டாச்சு" என்று செக்கப்பை நிறுத்துகிறார்களே, இந்த வகையில் அது பெரிய பிழை. படையல் போடுங்கள், செக்கப்புக்கும் போங்கள். வாசனை நரம்புப் பகுதியில் வரும் நியூரோபிளாஸ்டோமாவும் பல வருஷம் கழித்துக் கழுத்து நெறியில் தலைகாட்டும். நிறமிச் செல்களில் வரும் மெலனோமா இதற்கு நேரெதிர். சுத்தமாக எடுத்தாலும் சீக்கிரமே திரும்பும், தூரத்து உறுப்புகளுக்கும் பரவும்.

மூக்கின் உள்தோலில் வளரும் இன்வர்ட்டட் பாப்பிலோமா என்ற கட்டி புற்றே அல்ல. ஆனாலும் மறுபடி முளைக்கும், சிலருக்குப் புற்றாகவும் மாறும். "சாதாக் கட்டிதான்" என்று ரிப்போர்ட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

அப்புறம், நலம் விசாரிக்க வருகிறவர்கள் "தேவகோட்டையில் ஒருத்தருக்கு இதே மூக்குதான், ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை" என்பார்கள். அவருக்கு வந்தது எந்த வகை என்று கேட்டுப் பாருங்கள், தெரிந்திருக்காது.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ரிப்போர்ட்டோடு பயாப்ஸியின் மெழுகுக்கட்டியையும் கண்ணாடித் துண்டுகளையும் கேட்டு வாங்கிப் போங்கள். இந்த வகைகளைப் பிரித்தறிவது நிபுணர்களுக்கே சிரமம். இரண்டாவது ஆள் பார்க்கும்போது பெயர் மாறுவதும் உண்டு.