லிஸ்பனில் நான்கு நாட்கள்: ஏற்றம், இறக்கம், கருவாடு

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போகிறவர்களில் பலர், அங்கே வேலையில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போகும் பெற்றோர்கள்தாம். பிள்ளைகளும் ஆசையோடு ஒரு வாரம் விடுப்பெடுத்து, அந்த ஏழு நாட்களுக்குள் ஐந்து நாடுகளைத் திணித்துவிடுவார்கள். ஊர் திரும்பியவர்களைக் கேட்டால், ரயில் ஜன்னலையும் கழிப்பறைக்குக் கொடுத்த காசையும் தவிர வேறொன்றும் நினைவில் இருக்காது. என்னுடைய யோசனை, ஒரே ஊரில் நான்கு முழு நாட்கள் தங்குவது. அந்த ஊர் போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனாக இருந்தால் நம்மவர்களுக்கு இன்னும் வசதி. ஐரோப்பியர்களிலேயே அதிகமாக அரிசி சாப்பிடுகிறவர்கள் போர்ச்சுகீசியர்கள், கருவாட்டைத் தேசிய உணவாகக் கொண்டாடுகிறவர்களும் அவர்களே. அறுபத்தாறு வயதான என் அம்மாவை ஒரு மே மாதத்தில் அங்கே அழைத்துச் சென்ற அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன்.

கிளம்புவதற்கு முன்

போர்ச்சுகல் ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்று. பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாட்களாவது முன்னதாகக் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. ஆனால் கோடை விடுமுறைக் காலத்தில் முன்பதிவு கிடைப்பதே கடினம் என்பதால், மூன்று மாத இடைவெளி வைத்துக்கொள்வது நல்லது. 30,000 யூரோ வரை ஈடுகட்டும் மருத்துவக் காப்பீடு இல்லாமல் விண்ணப்பத்தை ஏற்க மாட்டார்கள். விமானம் பெங்களூரிலிருந்து என்றால், வளைகுடா நகரம் ஒன்றிலோ வேறோர் ஐரோப்பிய நகரத்திலோ மாறும்படி இருக்கும். பெங்களூர் விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. ஓசூர் சாலை நெரிசலைத் தாண்டி ஊரின் மறுகோடிக்குப் போக வேண்டும் என்பதை மனத்தில் வைத்து வீட்டை விட்டுக் கிளம்புங்கள்.

பெட்டியில் என்ன வைக்கக்கூடாது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் பயணிகள் கொண்டுவரக்கூடாது. ஆகவே நெய்ப் பாட்டிலும் பால்கோவாவும் வீட்டிலேயே இருக்கட்டும். பழங்களில் அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, டுரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். ஆகவே மே மாதம் போகிறோமே, பேரனுக்கு நாலு செந்தூரா மாம்பழமும் அல்போன்சாவும் எடுத்துப் போகலாம் என்று நினைப்பவர்கள் அந்த நினைப்பை விட்டுவிட வேண்டும். கறிவேப்பிலைக் கொத்துக்கும் இதே கதிதான். ராகி மாவுக்கு எந்தத் தடையும் இல்லை. அம்மா இரண்டு கிலோ கொண்டுவந்தார். சமையலறையுள்ள வாடகை வீட்டில் நாங்கள் தங்கியதால், இரண்டு இரவு களி கிண்டவும் முடிந்தது. தங்குமிடம் பார்க்கும்போது, அறை வாடகைக்கு மேல் ஆளுக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ நகர வரி உண்டு என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பரில் அதை இரட்டிப்பாக்கினார்கள்.

செருப்பைப் பற்றியும் ஒரு சொல். லிஸ்பன் நடைபாதைகள் முழுவதும் கையகலத்துக்கும் குறைவான வெள்ளைச் சுண்ணாம்புக் கற்களைக் கையால் பதித்தவை. இடையிடையே கறுப்பு நிறக் கற்களை வைத்து அலை, கப்பல், கொடி என்று கோலம் போட்டிருப்பார்கள். பர்கூர்ப் பக்கம் கிரானைட் பட்டறைகளைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது ஒரு விருந்துதான் என்றாலும், கால்பட்டுக் கால்பட்டுத் தேய்ந்த அந்தக் கற்கள் லேசான தூறலிலேயே சோப்புப் போட்டதுபோல வழுக்கும். அடிப்பகுதி ரப்பராக உள்ள, கயிறு கட்டும் காலணி இல்லாமல் பெரியவர்களை அழைத்துப் போகாதீர்கள்.

ஒரு நாளைக்கு ஒரு மேடு

லிஸ்பன் மேடும் பள்ளமுமான ஊர். காலையில் ஒரு மேடு ஏறுவது, மதியம் நிதானமாகச் சாப்பிடுவது, மாலையில் ஆற்றோரச் சமவெளியில் நடப்பது என்று வகுத்துக்கொண்டால் முழங்கால் தாங்கும். விமான நிலையத்திலிருந்தே மெட்ரோ உண்டு. சிவப்புத் தடத்தில் ஏறி அலமேதாவில் பச்சைத் தடத்துக்கு மாறினால் ரோசியு சதுக்கத்தில் இறங்கலாம். விமான நிலைய மெட்ரோவின் இயந்திரத்திலேயே பயண அட்டை ஒன்றை வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். டிராமில் ஏறிய பிறகு சீட்டு வாங்கினால் கூடுதல் கட்டணம். அட்டை ஆளுக்கு ஒன்று வேண்டும்; இரண்டு பேர் ஒரே அட்டையில் போக முடியாது.

முதல் நாளைப் பைஷா என்னும் தாழ்ந்த நகரத்துக்கும் கார்மோ மடத்துக்கும் கொடுங்கள், ஏனென்றால் இந்த ஊரின் கதை அங்கிருந்துதான் புரியும். 1755 நவம்பர் 1, புனிதர் அனைவர் திருநாள். மக்கள் தேவாலயங்களில் கூடியிருந்த காலை வேளையில் பூமி அதிர்ந்தது. தப்பித்து ஆற்றங்கரைக்கு ஓடியவர்களை ஆழிப்பேரலை வாரிக்கொண்டது. எஞ்சியதைப் பல நாட்கள் எரிந்த தீ தின்றது. அமைச்சராக இருந்த போம்பால் பிரபு, பழைய சந்துகளை மறுபடி கட்டாமல், நூல் பிடித்ததுபோன்ற நேர்த் தெருக்களை அமைத்தார். சுவர்களுக்குள் மரக்கட்டைகளைக் கூண்டுபோலக் குறுக்கும் நெடுக்குமாகப் பூட்டி, நில அதிர்வுக்கு வளைந்து கொடுக்கும் கட்டடங்களை எழுப்பினார்கள். தங்கத் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைப்போர் தெரு, துணி வணிகர் தெரு என்று தொழிலின் பெயரையே தெருக்களுக்கு வைத்தார்கள். அந்தப் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன.

கார்மோ மடத்தை மட்டும் இடிந்தபடியே விட்டுவிட்டார்கள். உள்ளே நுழைந்தால் இருபுறமும் தூண்கள், மேலே கல் வளைவுகள், அந்த வளைவுகளுக்கு மேல் கூரை இருக்க வேண்டிய இடத்தில் வானம். அம்மா வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, தரையில் புல் முளைத்திருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தார். அதை ஒட்டிய சதுக்கத்தில் இருக்கும் படை முகாமில்தான் 1974 ஏப்ரல் 25 அன்று சர்வாதிகார அரசின் தலைவர் சரணடைந்தார். கீழிருந்து இங்கே ஏற 1902இல் கட்டிய சாந்தா ஜுஸ்தா இரும்புத் தூக்கி இருக்கிறது. அதற்கு வரிசை நீண்டிருக்கும். வீதிவழியே மெல்ல நடந்து ஏறி, தூக்கியின் மேல்தளப் பாலத்துக்கு மடத்தின் பக்கமாகப் போய்விடலாம்.

இரண்டாம் நாள் கோட்டையும் அல்ஃபாமாவும். 1147இல் மூர் முஸ்லிம்களிடமிருந்து முதல் மன்னர் அஃபோன்சு கைப்பற்றிய சாவ் ஜோர்ஜ் கோட்டை, ராயக்கோட்டை மலையை ஏறியவர்களுக்குப் பெரிய காரியமல்ல. முடியாதவர்களுக்காகத் துணி வணிகர் தெருக் கட்டடம் ஒன்றில் இலவச லிஃப்ட் இருக்கிறது. அதில் ஏறிச் சிறிது தூரம் நடந்தால் இன்னொரு லிஃப்ட் கிடைக்கும். மிச்ச ஏற்றம் கொஞ்சம்தான். 737ஆம் எண் பேருந்து இன்னும் எளிது. பார்த்துவிட்டு இறங்கும்போது வரைபடத்தைப் பையில் போட்டுவிட்டு அல்ஃபாமாவின் சந்துகளில் இறங்குங்கள். அரபுச் சொல்லிலிருந்து பெயர் பெற்ற அந்தப் பகுதிதான் 1755இல் பெரும்பாலும் தப்பியது. துணி காயும் கொடிகளுக்குக் கீழே எந்தப் படிக்கட்டில் இறங்கினாலும் கடைசியில் ஆறு வந்துவிடும் என்பதால் வழி தவறினாலும் பயமில்லை. கீழே, 1523இல் கட்டப்பட்ட கூர்முனைக் கல் வீட்டைத் தவற விட வேண்டாம். முகப்பு முழுவதும் பட்டை தீட்டிய வைரம்போல் கற்கள் துருத்திக்கொண்டிருக்கும். அதைக் கட்டியவர் கோவாவைப் பிடித்த அஃபோன்சு தெ அல்புகெர்க்கின் மகன்.

28ஆம் எண் மஞ்சள் டிராமைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். ஏறலாம், ஆனால் காலை எட்டு மணிக்கு முன்னால் ஏறுங்கள். அதற்குப் பிறகு, நின்றுகொண்டு கண்ணாடி வழியே மற்றவர் முதுகைப் பார்ப்பதும், பையில் கை விடுகிறவர்களிடமிருந்து பர்ஸைக் காப்பதுமே வேலையாகிவிடும். மேற்குக் கோடியில் உள்ள கடைசி நிறுத்தம் ஒரு கல்லறைத் தோட்டத்தின் வாசல். அதற்குப் பெயர் ‘இன்பங்கள்’! அங்கே ஏறினால் உட்கார இடம் கிடைக்கும்.

செவ்வாயிலோ சனியிலோ நீங்கள் அங்கே இருந்தால், சாந்தா கிளாரா திடலில் கூடும் ‘திருடி சந்தை’க்குப் போங்கள். பழைய பூட்டு, உடைந்த பீங்கான், நீலப் பூ ஓடுகள் என்று தரையில் பரப்பி வைத்திருப்பார்கள். போச்சம்பள்ளிச் சந்தையில் பேரம் பேசிப் பழகியவர்கள் இங்கேயும் பேசலாம். சுவரிலிருந்து பெயர்த்துத் திருடிய ஓடுகளும் விற்பனைக்கு வருவது உண்டு என்பதால், பழைய ஓடு வாங்குவதை நான் தவிர்த்தேன்.

பெலேம்

மூன்றாம் நாளை முழுவதும், நகரின் மேற்கே ஆற்றோரமாக இருக்கும் பெலேம் பகுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமையாக மட்டும் இருக்கக்கூடாது, அன்று ஜெரோனிமுஸ் மடம் விடுமுறை. 15ஆம் எண் டிராம் அங்கே போகிறது. இந்தியாவின் மிளகும் மற்ற நறுமணப் பொருட்களும் கொண்டுவந்த செல்வத்தில் மன்னர் மனுவேல் எழுப்பிய மடம் இது. கப்பல் கயிறும் பவளமும் கடற்பாசியும் கல்லில் முறுக்கேறி நிற்கும். அந்த இளமஞ்சள் சுண்ணாம்புக் கல்லைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். படிக்கட்டுகளில் பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சிப்பிகளின் வடிவம் அப்படியே பதிந்திருக்கும்.

தேவாலயத்துக்குள் நுழைந்ததும் இடப்புறம் வாஸ்கோட காமாவின் கல்லறை. 1524இல் கொச்சியில் இறந்தவரை அப்புறம் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய், 1880இல் இங்கே வைத்தார்கள். 1502இல் மெக்காவிலிருந்து திரும்பிய பயணிகளின் கப்பலைப் பெண்கள் குழந்தைகளோடு எரித்தவரும் இவர்தான். அது அங்கே பளிங்கில் எழுதப்பட்டிருக்கவில்லை. தெரிந்துகொண்டு போய்ப் பார்ப்பது நம் பொறுப்பு. பக்கத்துப் பூங்காவில் உயரமான தூணின்மேல் நிற்பவர் அல்புகெர்க். நம் தோட்டங்களில் ஒட்டுக் கட்டி வளர்க்கும் அல்போன்சா மாம்பழத்துக்கு அவர் பெயரே வந்தது என்பார்கள். ஆற்றுக்குள் நிற்கும் பெலேம் கோபுரத்தில் ஒரு காவற்கூண்டின் அடியில் காண்டாமிருகத்தின் தலை செதுக்கியிருக்கிறது. குஜராத் சுல்தான் கொடுத்து, 1515இல் கப்பலேறி வந்து லிஸ்பனையே வியக்க வைத்த விலங்கின் நினைவு அது. கோபுரத்தில் பராமரிப்புப் பணி நடப்பதுண்டு, திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். கரையிலிருந்தே கண்ணுக்குத் தெரியும்.

நான்காம் நாள், லிஸ்பனுக்கு வெளியே இருக்கும் சின்த்ரா என்ற ஊர். ரோசியுவிலிருந்து ரயிலில் நாற்பது நிமிடம். பேனா அரண்மனைக்கு நேரம் குறித்த சீட்டை முன்னரே வாங்கிவிடுங்கள்.

சாப்பாடு

மதியச் சாப்பாட்டை முக்கியமாக வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணிக்குள், வேலையாட்கள் சாப்பிடும் சின்னக் கடைகளின் வாசலில் ‘பிராத்து தூ தியா’ என்று கையால் எழுதி ஒட்டியிருப்பார்கள். அன்றைய சாப்பாடு என்று பொருள். விலை குறைவு, அளவு தாராளம். ‘மெயா தோஸ்’ என்றால் அரைப் பங்கு. அதுவே ஒருவருக்குப் போதும். வாசலில் நின்று கூவி அழைக்கிறவர் இருந்தாலும், தட்டுகளின் புகைப்படம் மாட்டியிருந்தாலும், நான் அந்தக் கடையைக் கடந்து போய்விடுவேன்.

உட்கார்ந்தவுடன் கேட்காமலே ரொட்டி, ஆலிவ் காய், பாலாடைக்கட்டி எல்லாம் மேசைக்கு வரும். அவை இலவசம் அல்ல. முதல் நாள் இது தெரியாமல், நம்மூர்க் கல்யாணப் பந்தியில் வைப்பதுபோல் அன்பாக வைக்கிறார்கள் என்று நினைத்து எல்லாவற்றையும் காலிசெய்தோம். பில்லில் ஐந்து வரிகள் கூடியிருந்தன. வேண்டாதவற்றைத் தொடாமல் திருப்பி அனுப்பலாம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

கருவாட்டுக்கு வருவோம். ‘பக்கல்யாவு’ என்பது உப்பிட்டு உலர்த்திய காட் மீன். அது போர்ச்சுகல் கடலில் கிடைப்பதில்லை. நார்வே, ஐஸ்லாந்துப் பக்கத்துக் குளிர்கடல் மீன். ஆர்சனல் தெருக் கடைகளில் பலகை பலகையாக அடுக்கியிருப்பதைப் பார்க்கும் முன்பே மூக்கு சொல்லிவிடும். ஒரு நாள், இரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை இறக்கிய பிறகே சமைப்பார்கள். அதனால் நம் கருவாட்டின் காரசாரத்தை எதிர்பார்க்காதீர்கள், மென்மையாக இதழ் இதழாகப் பிரியும். முதல் முறை சாப்பிடுகிறவர்கள் ‘பிராஷ்’ முறையில் கேளுங்கள்: உதிர்த்த மீன், நூல்போல் சீவிப் பொரித்த உருளைக்கிழங்கு, முட்டை மூன்றையும் கலந்து கிளறியது. அம்மாவுக்கு அது முட்டைப் பொரியல்போல் இருந்ததால் பிடித்துவிட்டது. ஆனால் புளிக்குழம்பு இல்லாமல் கருவாடா என்ற கேள்வி கடைசிவரை இருந்தது. காரம் வேண்டுமென்றால் ‘பிரி-பிரி’ கேளுங்கள். மிளகாய் எண்ணெய்ப் பாட்டிலைக் கொண்டுவருவார்கள். நமக்கு மிளகாயைக் கொண்டுவந்து சேர்த்தவர்களே இவ்வளவு காரமில்லாமல் சாப்பிடுவது வியப்புத்தான்.

ஜூன் மாதம் போகிறவர்களுக்கு மத்தி மீன் காத்திருக்கிறது. 12ஆம் தேதி இரவு, புனித அந்தோணியார் விழாவுக்கு அல்ஃபாமாச் சந்துகளில் கரியடுப்பு வைத்து, கல்லுப்பு மட்டும் தூவிச் சுட்ட மீனை ரொட்டித் துண்டின்மேல் வைத்துத் தருவார்கள். மீனின் எண்ணெய் இறங்கிய அந்த ரொட்டியைக் கடைசியாகச் சாப்பிட வேண்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனமாகக் கேட்டு வாங்க வேண்டும். உருளைக்கிழங்கும் கீரையும் சேர்ந்த ‘கால்து வெர்த்’ சூப்பில் பன்றித் தொத்திறைச்சித் துண்டு ஒன்று மிதக்கும். பீன்ஸ் சாதத்திலும் அது ஒளிந்திருக்கலாம். ‘செய்ம் கார்ன், செய்ம் பெய்ஷ்’ (இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்) என்று சொல்லுங்கள். சனிக்கிழமை அம்மா அசைவம் தொட மாட்டார் என்பதால், மர்த்திம் மொனிஸ் பகுதியில் வங்காளதேசத்தவர் நடத்தும் மளிகைக் கடைகளில் அரிசியும் பருப்பும் வாங்கிச் சமைத்தோம். கோவா வழியாக அங்கே போன சமோசாவை ‘ஷமூசா’ என்று எல்லா டீக்கடைகளிலும் வைத்திருப்பார்கள். பெரும்பாலும் உள்ளே கறி இருக்கும்.

பெலேமில் 1837 முதல் இயங்கும் கடையில் முட்டைப் பாலேட்டு அப்பம் சாப்பிடாமல் வரக்கூடாது. வெளியே நிற்கும் வரிசை பொட்டலம் வாங்குகிறவர்களுக்கானது. உள்ளே அறைக்குப் பின் அறையாக நூற்றுக்கணக்கானோர் உட்கார இடம் இருக்கிறது, நேராக உள்ளே போய் உட்காருங்கள். மேலே பொடித்த பட்டையைத் தூவி, சூடு ஆறுவதற்குள் கடித்தால் ஓடு நொறுங்கி நாக்கில் பால் வழியும். கூடக் குடிக்க, ஃபில்டர் காபிக்குப் பழகியவர்கள் ‘கலாவு’ கேட்கலாம். உயரமான கண்ணாடித் தம்ளரில் பால் அதிகமாக வரும். ‘பிக்கா’ என்றால் இரண்டு மடக்குக் கடுங்காபிதான்.

பேச்சுக்குத் திண்டாட வேண்டியதில்லை. சாவி, ஜன்னல், மேசை, அலமாரி ஆகிய சொற்கள் அவர்கள் மொழியிலிருந்து நமக்கு வந்தவை; கொஞ்சம் மாற்றிச் சொன்னால் அவர்களுக்கும் புரியும். திரும்பிப் போன சொல்லும் ஒன்று உண்டு. தங்கியிருந்த வீட்டருகே பழக்கடையில் அம்மா ஒரு மாம்பழத்தை எடுத்துக் காம்புப் பக்கம் முகர்ந்தபோது, கடைக்காரப் பெண் “மங்கா, மங்கா” என்றார். “அது தெரியுது, எந்த ஊர் மாங்கா?” என்று அம்மா தமிழிலேயே கேட்டார். பிரேசில் என்று அட்டையில் எழுதியிருந்தது. அம்மா அதை வைத்துவிட்டு அரைக் கிலோ செர்ரி வாங்கினார். மே கடைசியில் போகிறவர்கள் நீங்களும் அதையே வாங்குங்கள்.